கூடுவாஞ்சேரியா, மேடவாக்கமா, திருநின்றவூரா? ஒரு வாடகை வீட்டுக் கணக்கு

கோடம்பாக்கத்தில் மாடி வீடு. ஏழு வருஷமாகக் குடியிருந்தோம், வாடகை 16,000. சித்திரை பிறந்த மறுவாரம் ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து இருபதா கொடுத்துடுங்க" என்றார். தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று சொல்கிற அதே குரல்தான். முடியாதென்றால் ஆனி முடிவதற்குள் காலி செய்து கொடுத்தால் போதும் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பக்கத்து வீட்டில் இருபத்திரண்டு வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே புறநகர் என்று முடிவாகிவிட்டது. எந்தப் புறநகர் என்பதற்குத்தான் மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் பார்த்ததையும் போட்ட கணக்கையும் எழுதி வைக்கிறேன். ஊரைச் சுற்றி வீடு தேடுகிற யாருக்காவது நாலு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகலாம்.

முதலில் எங்கள் நிலவரம், ஏனென்றால் அது தெரியாமல் ஒப்பீடு புரியாது. எனக்கு எழும்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, காலை பத்து மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். புது இடத்தில் முதல் வாடிக்கையிலிருந்து தொடங்கியாக வேண்டும், அதற்கு ஆள் நடமாட்டமுள்ள தெரு வேண்டும், வாசலில் சின்னதாக ஒரு போர்டு மாட்ட விடுகிற ஓனரும் வேண்டும். மூன்று வயதில் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படிக்குப் பயந்து ஒரு வருஷமாகத் தெருமுனைப் பிள்ளையாரைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே தரைத்தளம், அதில் பேச்சே இல்லை. சென்னையைச் சுற்றித் தரைத்தளம் கேட்கிறவர்கள் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா?

பட்ஜெட் 13,000. இதை வாடகை என்று நான் எழுதவில்லை. அந்த வீட்டில் இருப்பதற்காக ஒரு மாதத்தில் கையைவிட்டுப் போகிற மொத்தப் பணம்: வாடகை, பராமரிப்பு, அலுவலகம் போய்வருவது, கேன் தண்ணீர். எட்டாயிரம் வாடகை என்று ஆசைப்பட்டுப் போய் நாலாயிரம் பெட்ரோலுக்குக் கொடுக்கிறவர்களை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ரயில் பாதையில்தான் முதல் கழித்தல். சென்னையில் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது, அதுவே கடற்கரை–தாம்பரம் தடத்தில்தான். இன்றைக்கும் தெற்குப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு அந்தத் தாம்பரம்தான் எல்லைக்கல். கடற்கரையிலிருந்து கிளம்புகிற வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. மேற்கே ஆவடிக்கும் இதே கதை. ஆவடி, பட்டாபிராம் வரை வண்டிக்குப் பஞ்சமில்லை, அதைத் தாண்டித் திருவள்ளூர், அரக்கோணம் போகிற வண்டிகளுக்கு நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இந்த எல்லைக்கல்லுக்கு முன்னால் இருந்தால் "ஸ்டேஷனுக்குப் போனால் ஏதாவது வண்டி வரும்" என்று வாழலாம். பின்னால் போனால் "8.05 போச்சுன்னா அடுத்தது எப்போ" என்று வாழ வேண்டும். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, வாடகையில் அது அப்படியே தெரியும். குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு எங்களிடம் 17,000 சொன்னார்கள். ஆவடியில் அதே மாதிரி வீட்டுக்கு 12,000. இரண்டுமே எல்லைக்குள். குரோம்பேட்டையை அங்கேயே அடித்துவிட்டோம். ஆவடியைக் கொஞ்ச நாள் பட்டியலில் வைத்திருந்தோம், ஆனால் நாங்கள் பார்த்த தரைத்தள வீடுகளில் வெளிச்சமே இல்லை. பகலிலும் லைட் போட்டுத்தான் ஊசியில் நூல் கோக்க முடியும் என்று மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

வடக்கே கும்மிடிப்பூண்டி பாதையில் வாடகை இன்னும் குறைவு. அந்தப் பக்கம் எங்களுக்கு மனுஷர் யாரும் இல்லை என்பதால் போய்ப் பார்க்கவில்லை. இது நியாயமான காரணம் இல்லைதான். ஆனால் வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பாதி ஊரைக் கழிக்கிறார்கள்.

மிஞ்சியது மூன்று. தெற்கே ஊரப்பாக்கம்–கூடுவாஞ்சேரி. மேற்கே திருநின்றவூர். ரயில் இல்லாவிட்டாலும் எல்லோரும் பரிந்துரைத்த மேடவாக்கம்–பெரும்பாக்கம்.

கூடுவாஞ்சேரிப் பக்கம்

இங்கே பெரிய வசதி, வண்டி நேராக எழும்பூருக்கே வரும். ஏறினால் இறங்க வேண்டியதுதான், மாற வேண்டியதில்லை. தென் மாவட்டங்களுக்குப் போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை பக்கத்திலேயே. கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எதற்கும் அலைய வேண்டாம். தைக்கிறவளுக்கும் நல்ல இடம்: புதுப்புது நகர்கள், எல்லாவற்றிலும் இளம் குடும்பங்கள்.

வாடகை மட்டும் நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம் புரோக்கர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. "சார், கிளாம்பாக்கம் வந்துடுச்சு சார்" என்று ஆரம்பித்தால் ஆயிரம் ரூபாய் ஏறப்போகிறது என்று அர்த்தம். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறவன், தினமும் திருநெல்வேலி பஸ் ஏறுகிறவன் இல்லை. எனக்கு எதற்குக் கிளாம்பாக்கம் ரேட்? இன்னும் கொஞ்சம் தள்ளிப் பொத்தேரிக்குப் போனால் வேறு சிக்கல். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தொகையை ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் கொடுப்பது கஷ்டம்.

இதற்கிடையில், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் 8,000 ரூபாய்க்குத் தரைத்தளத்தில் ஒரு தனி வீடு இருப்பதாக ஒருவர் சொன்னார். வாசலில் இடம், பின்னால் துணி துவைக்கிற கல், முருங்கை மரம். அம்மா பார்த்ததும் முருங்கையைத்தான் முதலில் தொட்டாள். எனக்கும் பிடித்துவிட்டது. சுவரெல்லாம் க்ரீம் கலர். உள்ளறையில் நின்று ஓனரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், ஒரே சுவரில் இரண்டு க்ரீம் இருக்கிறது. மேலே பழையது, வெயிலில் மங்கியது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை புதுசு. கோடு போட்ட மாதிரி. அப்புறம் கண் தானாகத் தேட ஆரம்பித்தது. ஸ்விட்ச் போர்டு எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, சாதாரணமாகப் போர்டு இருக்கிற இடத்தில், சிமென்ட் பூசி அடைத்த சதுரம். மோட்டார் ஒரு ஆள் உயரத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

"மழைக்குத் தண்ணி வருமாங்க?" என்றேன். "லேசா வரும், உடனே வடிஞ்சுடும்" என்றார்.

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. அந்த அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "2015 வெள்ளத்துல இந்தத் தெருவுக்குள்ள படகு வந்துச்சு சார். நீங்க மாடியில கேளுங்க, தாராளமா எடுங்க."

தாம்பரத்துக்கு மேற்கே அப்படி ஏன் நிற்கிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சுற்றுப்பக்க ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து அடையாறாகி ஓடுகிற வழி அது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்களை ஊரே கேட்டது. அதற்காக அந்தப் பகுதி முழுவதும் குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்ல மாட்டேன். மேட்டுத் தெருவும் உண்டு, பள்ளத் தெருவும் உண்டு. மாடி வீடு போதும் என்கிறவர்களுக்கு அங்கே கிடைக்கிற வாடகை நிஜமாகவே மலிவு. எங்களுக்கு மாடி ஆகாது, அதனால் முருங்கையை விட்டுவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து வீடு பார்க்கப் போனால் நான் ஓனரிடம் மழை பற்றிக் கேட்பதே இல்லை. ஸ்விட்ச் போர்டு எங்கே இருக்கிறது, இ.பி. மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில், வாசலுக்கு எத்தனை படி, பக்கத்தில் கடைசியாகக் கட்டிய வீட்டின் அடித்தளம் சாலையிலிருந்து எவ்வளவு உயரம், இவற்றைப் பார்ப்பேன். புது வீட்டுக்காரர் நாலடி உயர்த்திக் கட்டியிருந்தால் அவருக்கு என்னமோ தெரிந்திருக்கிறது. "லேக் வியூ", "ஏரிக்கரை" என்று பெயர் வைத்த நகர்களில் பெயர் பொய் சொல்வதில்லை.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் எங்களுக்குத் தேறியது ஒரு வீடு. தரைத்தளம், மேடான தெரு, 10,500 வாடகை, 500 பராமரிப்பு. ஸ்டேஷனிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். அதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்கப் போனோம்.

மேடவாக்கம் பற்றிச் சுருக்கமாக

அலுவலகம் சோழிங்கநல்லூரிலோ தரமணியிலோ இருந்தால் இந்தக் கட்டுரையையே மேடவாக்கத்திலிருந்துதான் தொடங்கியிருப்பேன். எழும்பூருக்கு அங்கிருந்து பைக்கில் ஒரு பக்கம் 22 கிலோமீட்டர். வேளச்சேரி போய்ப் பறக்கும் ரயில் ஏறலாம், ஆனால் வேளச்சேரி போவதே ஒரு பயணம். மெட்ரோவின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. வந்தால் நல்லதுதான். வந்தபின் இந்த வாடகை இருக்காது என்பதும் நிச்சயம். வருவதற்கு முன்னால் வெறும் தடுப்புத் தகரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, வந்தபின் காலி செய்துகொண்டு போவது வாடகைக்காரன் தலையெழுத்து.

நாங்கள் பார்த்தது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. லிஃப்ட் இருந்ததால் அம்மா பிரச்சினை தீர்ந்தது. 13,500 வாடகை, 2,000 மெயின்டனன்ஸ். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதைத் தனியாகப் பங்கு போடுவார்களாம். பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. பறவைகளுக்கு நல்ல இடம். அதன் ஓரத்தில் வீடு எடுக்கிறவர்கள் மழைக்காலத்தில் அது தண்ணீரின் வீடு என்பதை யோசித்துக்கொள்வது நல்லது.

தையல் போர்டு மாட்டலாமா என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டோம். "கமர்ஷியல் ஆக்டிவிட்டி அலவுடு இல்லீங்க" என்றார். மேடவாக்கம் முடிந்தது.

திருநின்றவூர்

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகிற வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாகப் போவதால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பைக்கில் கூடுவாஞ்சேரியும் திருநின்றவூரும் பார்க்க முடிந்தது. அம்மாவுக்கு ஊர்ப் பெயரைக் கேட்டதுமே சந்தோஷம். பெரிய புராணத்தில் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனார் ஊர் இது. இங்கே பக்தவத்சலப் பெருமாளும் இருக்கிறார், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. மூன்று மாதமாக மனசுக்குள்ளேயே வீடு எடுத்து, மனசுக்குள்ளேயே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த எங்களுக்குப் பொருத்தமான ஊர்தான் என்று மனைவி சொன்னாள்.

இங்கும் ஏரி உண்டு, ஏரியை ஒட்டிய நகர்களில் மழைக்குத் தண்ணீர் நிற்பதும் உண்டு. 7,000 ரூபாய்க்கு அங்கே ஒரு வீடு காட்டினார்கள். ஸ்விட்ச் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இன்னொன்று ஸ்டேஷனிலிருந்து நடந்து பன்னிரண்டு நிமிஷம். தரைத்தளம், வாசலுக்கு மூன்று படி, சாலையைவிட நன்றாக மேலே. மாடியில் ஓனரம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், தனியாக இருக்கிறார். முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்து, பெரிசாக. மெஷினை எங்கே போடுவது என்று மனைவி காலால் அளந்துகொண்டிருந்தாள். வாடகை 9,000, பராமரிப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. மோட்டார் போடுவது ஓனரம்மா வேலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். ரயில் சத்தம் கேட்கிறது. ஆவடியைத் தாண்டிய ஊர் என்பதால் வண்டி குறைவு. எழும்பூருக்கு நேர் வண்டியும் கிடையாது. சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் பூங்கா நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன்தான் எழும்பூர். அவசரமென்றால் மெட்ரோவிலும் ஒரே ஸ்டேஷன். மழை நாளில் அந்தச் சுரங்கப்பாதைக் கூட்டத்தில் நடப்பது சுகமான அனுபவம் இல்லை.

தண்ணீருக்கு மனைவி ஒரு பரீட்சை வைத்தாள். பார்க்கிற வீட்டிலெல்லாம் குழாய்த் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, பேப்பர் ஒட்டி ஊர் பெயர் எழுதிக் கொண்டுவருவாள். வீட்டுக்கு வந்து அதே பாத்திரத்தில், அதே அளவு, சுண்டக் காய்ச்சுவாள். கூடுவாஞ்சேரிப் பாத்திரத்தில் விபூதி பூசின மாதிரி வெள்ளைப் படிவம். திருநின்றவூர்ப் பாத்திரத்திலும் படிந்தது, ஆனால் விரலால் துடைத்தால் போனது. இது இரண்டு ஊருக்கும் தீர்ப்பு இல்லை, இரண்டு போர்வெல்லுக்குத் தீர்ப்பு. பக்கத்துத் தெருவில் இதுவே மாறலாம். ஆனால் நாம் குடிபோகப் போவது ஊருக்கு இல்லையே, அந்த ஒரு போர்வெல்லுக்குத்தானே. குடிக்க எப்படியும் கேன்தான். துவைக்கவும் குளிக்கவும், சோப்பு நுரைக்கிற தண்ணீராக இருந்தால் போதும்.

மாதக் கணக்கு

கூடுவாஞ்சேரி: வாடகையும் பராமரிப்பும் 11,000. ஸ்டேஷன் வரை பைக்கில் போய், அங்கே ஸ்டாண்டில் விடுவதற்குப் பெட்ரோலும் சேர்த்து 900. ஸீசன் டிக்கெட் 300-க்குள். வாரம் மூன்று கேன், கேன் 35 என்று மாதத்துக்கு 420. மொத்தம் 12,600 சொச்சம். பட்ஜெட்டுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தீபாவளி மாதம் தாங்காது.

மேடவாக்கம்: 15,500. மாதம் 25 நாள், தினம் 44 கிலோமீட்டர், என் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். ஆக 2,500. சேர்த்து 18,000. கேன் தண்ணீர், லாரிப் பங்கு இன்னும் போடவில்லை, அதற்குள்ளேயே இப்படி.

திருநின்றவூர்: வாடகை 9,000. ஸீசன் 300. கேன் இங்கே 30 ரூபாய், 360. சேர்த்து 9,700-க்குள். ஸ்டேஷனுக்கு நடை.

கோடம்பாக்கத்திலேயே இருந்திருந்தால் 20,600. அங்கிருந்து எழும்பூர் மூன்றாவது ஸ்டேஷன், வீட்டிலிருந்து அரை மணி நேரம். திருநின்றவூரிலிருந்து ஒரு மணி இருபது நிமிஷம். போக வர ஒரு நாளைக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம் கூடுதல், மாதத்துக்கு ஏறத்தாழ 42 மணி நேரம். மிச்சமாகிறது 10,900. மணிக்கு 260 ரூபாய் மாதிரி வருகிறது. என் அலுவலகம் எனக்கு ஓவர்டைமே கொடுப்பதில்லை, கொடுத்தாலும் 260 கொடுக்காது. ரயிலில் உட்கார்ந்துகொண்டு சம்பாதிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வண்டி சென்ட்ரலிலேயே கிளம்புவதால் கொஞ்சம் முன்கூட்டி வந்தால் உட்கார இடமும் உண்டு. காலையில் நின்றுகொண்டுதான்.

வேலை கிண்டியிலோ தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ என்றால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். அவர்களுக்குக் கூடுவாஞ்சேரியை எடுங்கள் என்றுதான் சொல்வேன், 3,000 கூடுதலானாலும். மாறி ஏறுகிற பயணம் முதல் மாதம் தெரியாது, ஆறாவது மாதம் உடம்பில் தெரியும்.

ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் என்பதை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு என்ன, ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்றுதான் இருந்தேன். கணக்குப் போட்டபோது அந்த இரண்டு கிலோமீட்டருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு வண்டி இறங்கினால் ஷேர் ஆட்டோவும் கிடைக்காது. ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கு ஆயிரம் கூடக் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.

ஒத்திக்கு எடுத்தால் என்ன?

நடுவில் ஒரு சபலம். பட்டாபிராமில் ஒரு வீடு, ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகையே இல்லை, போகும்போது ஆறு லட்சமும் திரும்ப வரும். இங்கே லீஸ் என்பார்கள், ஊர்ப்பக்கம் ஒத்தி. கணக்காகப் பார்த்தால் இதை அடிக்க எதுவும் இல்லை. ஆறு லட்சத்தை எஃப்.டி.யில் ஏழு சதவீதத்துக்குப் போட்டாலும் மாதம் 3,500 தான் வரும், வாடகை மிச்சமோ ஒன்பதாயிரத்துக்கு மேல்.

இவ்வளவு லாபமான ஏற்பாட்டை ஒருவர் ஏன் நமக்குத் தருகிறார் என்று யோசித்தபோதுதான் தூக்கம் போனது. அவருக்கு ஆறு லட்சம் அவசரமாகத் தேவைப்படுகிறது. அந்தப் பணம் அவர் கையில் இருக்கப்போவதில்லை. மூன்று வருஷம் கழித்து, அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் நமக்குத் திரும்பும். வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால், ஜப்தி நோட்டீஸ் வீட்டில் குடியிருக்கிற நம் கதவில்தான் ஒட்டுவார்கள். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். ஒரு வங்கியில் பத்திரம் அடமானம் வைத்திருப்பது பதிவாகியிருந்தது. அவரிடம் கேட்டேன். "அது சும்மா சின்ன லோன் சார்" என்றார். சின்ன லோனோ பெரிய லோனோ, ஆறு லட்சம் எனக்குச் சின்னதில்லை. அதற்காக லீஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. வில்லங்கம் சுத்தமாக இருந்து, மூன்று வருஷ ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்து கொடுக்கிற ஓனர் கிடைத்தால் எடுக்கலாம். பதிவு என்று சொன்னதுமே முகம் மாறுகிற ஓனரை விட்டுவிடலாம்.

அட்வான்ஸ், ஆடி, 8,300

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "ஒப்பந்தம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவென்று பிடிப்பார்கள், பிடிப்பதானால் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கரண்டுக்கும் அப்படியே. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் இலவசம் என்று உண்டு, ஆனால் தனி மீட்டர் இல்லாமல் சப்-மீட்டர் வைத்து யூனிட் எட்டு, பத்து என்று வாங்குகிற வீட்டில் அந்த இலவசம் நமக்கு வராது. தனி மீட்டர் இருக்கிற வீடு என்றால் ஐந்நூறு கூடக் கொடுக்கலாம். தையல் மெஷின் மோட்டாரும் இஸ்திரியும் ஓடுகிற எங்கள் வீட்டுக்கு இது முக்கியம்.

திருநின்றவூர் டீச்சரம்மா ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். அப்போது ஆனி கடைசி வாரம். வீடு வைகாசியிலிருந்து காலி. இன்னும் ஒரு வாரம் போனால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும். வாடகை வீடு தேடுகிறவர்களுக்குச் சென்னையில் தள்ளுபடி சீசன் என்று ஒன்று இருந்தால் அது ஆடிக்கு முந்தின வாரமும் மார்கழிக்கு முந்தின வாரமும்தான். "ஆடியிலயும் வாடகை தர்றேம்மா, அட்வான்ஸை மூணு மாசமாக்கிடுங்க" என்றேன். யோசித்தார். சரி என்றார்.

அடுத்தது பான் நம்பர். அலுவலகத்தில் நான் பழைய வரிமுறையில்தான் இருக்கிறேன், வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்பேன். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனர் பான் நம்பர் கொடுக்க வேண்டும். கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு என் பையன் சொல்லியிருக்கான்பா" என்றார். வற்புறுத்தவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்: ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 8,333. மாதம் 8,300 என்றால் வருஷத்துக்கு 99,600, பான் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுத்தலைச் சரிபார்த்தார். கணக்கு டீச்சராம், அது எனக்கு அதுவரை தெரியாது. "எழுநூறு ரூபாயை ரொம்ப அழகா குறைச்சுட்டே" என்று சிரித்தார். தீபாவளிக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துத் தர வேண்டும் என்று அவர் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

ஆடியில் குடிபோக அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனி கடைசி நாள் விடியற்காலையில் நாலு பேரும் முதல் வண்டி பிடித்துப் போனோம். உப்பு, மஞ்சள், ஒரு படி அரிசி, ஒரு குத்துவிளக்கு. ஒருவர் மட்டும் நிற்க முடிகிற அந்தச் சமையலறையில் அம்மா நின்று பால் காய்ச்ச, நாங்கள் வாசலில் நின்று பொங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பொங்கியது. அதோடு ஆனியிலேயே குடிவந்த கணக்கு. ஆடி மூன்றாம் நாள் சாமான் ஏற்றிய டெம்போக்காரர், சும்மா நிற்கிற மாசம் என்று 800 ரூபாய் குறைத்துக்கொண்டார்.